பயிற்சி பயன் தந்ததா என்பதை லேபர் வார்டில் போய்ப் பார்க்க வேண்டும்

கேள்வியை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மாதம் 150 பிரசவங்கள் நடக்கும் ஒரு தனியார் மருத்துவமனை. பிறந்தவுடன் அழாத குழந்தையை மூச்சுவிட வைப்பது எப்படி என்று 42 செவிலியருக்கு இரண்டு நாள் பயிற்சி கொடுத்திருக்கிறார்கள். பயிற்சிக்கு முன் வைத்த தேர்வில் சராசரி 20-க்கு 11, முடிந்ததும் 18. ஃபீட்பேக் படிவத்தில் 5-க்கு 4.7. செலவுக் கணக்கைப் பார்த்த நிர்வாகம் "இதனால் என்ன பயன்?" என்று கேட்கிறது. இந்த எண்களைக் காட்டினால் போதுமா, வேறு எதையாவது பார்க்க வேண்டுமா, நிர்வாகத்துக்கு என்ன எழுதுவது என்பது அங்குள்ள நர்சிங் சூப்பரின்டென்டென்ட் கேட்டிருக்கும் கேள்வி.

போதாது. பயிற்சி வீண் என்று நான் சொல்ல வரவில்லை. வீணா பயனா என்பதை இந்த இரண்டு எண்களையும் வைத்துச் சொல்ல முடியாது, அவ்வளவுதான். பதினைந்து ஆண்டுகள் செவிலியருக்குப் பயிற்சி கொடுத்தவள் என்ற முறையில் சொல்கிறேன்: இதே இரண்டு எண்களைத்தான் நானும் பல ஆண்டுகள் அறிக்கையில் எழுதி அனுப்பினேன்.

ஃபீட்பேக் படிவத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பெயர் எழுதி, கையெழுத்துப் போட்டு, இன்சார்ஜ் சிஸ்டர் கையில் கொடுக்கிற படிவத்தில் ஒரு ஜூனியர் நர்ஸ் எப்படி இரண்டு மார்க் போடுவார்? அது போக, வார்டு வேலையிலிருந்து இரண்டு நாள் விடுபட்டு, உட்கார்ந்து கேட்டு, நேரத்துக்குச் சாப்பிட்டவர்களுக்கு அந்த இரண்டு நாளும் உண்மையிலேயே பிடித்துத்தான் இருக்கும். பிடித்ததா என்று கேட்பதில் தவறில்லை. பேசியவர் புரியும்படி பேசினாரா, தமிழில் சொன்னாரா, கை வைத்துச் செய்து பார்க்க எல்லோருக்கும் வாய்ப்புக் கிடைத்ததா என்பதையெல்லாம் அதிலிருந்து தெரிந்துகொள்ளலாம். அதற்கு மேல் அதில் ஒன்றும் இல்லை.

பின் தேர்வும் ஏறக்குறைய அப்படித்தான். காலையில் பார்த்த அதே கேள்வித்தாளை மறுநாள் சாயங்காலம் மறுபடி கொடுத்தால் மார்க் ஏறாமல் இருக்காது. அதே தாளை மூன்று மாதம் கழித்து, முன்கூட்டிச் சொல்லாமல் கொடுத்துப் பாருங்கள். அப்போது வருகிற மார்க்கை மட்டும் நம்பலாம். அதுவும் மனதில் எவ்வளவு நிற்கிறது என்பதைத்தான் காட்டும், கை என்ன செய்யும் என்பதைக் காட்டாது.

டொனால்ட் கிர்க்பாட்ரிக் என்ற அமெரிக்கப் பேராசிரியர் 1959-இலேயே இதை நான்கு படிகளாகப் பிரித்து எழுதினார்: பயிற்சி பிடித்ததா, கற்றார்களா, வேலையில் அதைச் செய்கிறார்களா, அதனால் விளைவு மாறியதா. பயிற்சித் துறையில் இருப்பவர்கள் எல்லோருக்கும் இது தெரியும். ஆனாலும் பெரும்பாலான மருத்துவமனைகளில் அளப்பது முதல் இரண்டு படிகளோடு நின்றுவிடுகிறது, ஏனென்றால் அந்த இரண்டையும் வகுப்பறையில் உட்கார்ந்தபடியே அளந்துவிடலாம். மூன்றாவது படிக்கு எழுந்து வார்டுக்குப் போக வேண்டும்.

இரண்டாம் படியிலிருந்து மூன்றாம் படிக்குப் போகும் வழியில் பயிற்சி எப்படிக் காணாமல் போகிறது என்பதற்கு, உங்கள் தலைப்பிலேயே ஒரு நல்ல ஆய்வு இருக்கிறது. வடக்குத் தான்சானியாவில் ஹேடம் என்ற ஊரில் ஒரு கிராமப்புற மருத்துவமனை. 'ஹெல்பிங் பேபீஸ் பிரீத்' என்ற பயிற்சியை அங்கே 2010-இல் ஒரு நாள் வகுப்பாகக் கொடுத்தார்கள். ஏழு மாதம் கழித்து பொம்மைக் குழந்தையை வைத்துச் சோதித்தபோது, மூச்சு வராத குழந்தைக்குச் செய்ய வேண்டியதைச் சரியாகச் செய்து தேறியவர்கள் 18 சதவீதத்திலிருந்து 74 சதவீதமாகக் கூடியிருந்தார்கள். ஏழு மாதம் கழித்தும் இவ்வளவு நிற்கிறது என்றால் யாருக்கும் சந்தோஷமாகத்தான் இருக்கும். பயிற்சி வெற்றி என்று எழுதி அங்கேயே முடித்திருக்கலாம்.

அவர்கள் முடிக்கவில்லை. பிரசவ அறையில் ஆட்களை நிறுத்தி, ஒவ்வொரு குழந்தைக்கும் முதல் சில நிமிடங்களில் என்ன செய்யப்பட்டது என்று நேரத்தோடு குறித்துக்கொண்டே வந்தார்கள். பொம்மையிடம் அவ்வளவு நன்றாகச் செய்தவர்கள், உண்மைக் குழந்தையிடம் முன்பு செய்ததையேதான் செய்துகொண்டிருந்தார்கள். முதல் 24 மணி நேரத்தில் நடக்கும் இறப்பும் குறையவில்லை.

இதற்குப் பிறகு அவர்கள் செய்ததுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. 2011-இல் பொம்மையை வகுப்பறையிலிருந்து எடுத்து லேபர் வார்டுக்குள்ளேயே வைத்தார்கள். வாரம் ஒரு முறை, டியூட்டிக்கு நடுவில், மூன்று முதல் ஐந்து நிமிடம் பயிற்சி. மாதம் ஒரு முறை கொஞ்சம் நீளமாக. உள்ளூரிலேயே இதை நடத்தச் சிலரைத் தயார் செய்தார்கள். அதன் பிறகு 24 மணி நேர இறப்பு 1000 குழந்தைகளுக்கு 11.1 என்பதிலிருந்து 7.2 ஆகக் குறைந்தது. ஒரே மருத்துவமனையில் முன்-பின் பார்த்த ஆய்வு என்பதால் இதை அப்படியே எல்லா இடத்துக்கும் நீட்ட முடியாது. ஆனால் வகுப்பில் சொன்ன விஷயம் மாறவில்லை. சொல்லிக்கொடுத்த இடமும் எத்தனை முறை என்பதும்தான் மாறின.

ஏன் அப்படி என்பதை உங்கள் மருத்துவமனையின் எண்களை வைத்தே கணக்குப் போட்டுப் பார்க்கலாம். பிறக்கும் 100 குழந்தைகளில் சுமார் 10 பேருக்கு மூச்சுவிட ஏதாவது உதவி தேவைப்படும். பெரும்பாலானவர்களுக்கு நன்றாகத் துடைத்து, முதுகைத் தேய்த்துவிட்டால் போதும். அம்பு பேக் (கையால் அழுத்தி, முகத்தில் பொருத்திய மாஸ்க் வழியாகக் காற்றுச் செலுத்தும் பை) வைத்து மூச்சுக் கொடுக்க வேண்டிய நிலை 100-க்கு மூன்று முதல் ஆறு. மாதம் 150 பிரசவம் என்றால் ஏறக்குறைய ஏழு குழந்தைகள். 42 செவிலியருக்கு அதைப் பகிர்ந்தால், ஒருவர் கையில் இப்படி ஒரு குழந்தை வருவது ஆறு மாதத்துக்கு ஒரு முறை. மாஸ்க்கைக் காற்றுக் கசியாமல் முகத்தில் பொருத்துவது கை பழக வேண்டிய வேலை. ஆறு மாதம் தொடாத கைக்கு அது அந்த ஒரு நிமிடத்தில் எப்படி வரும்? ஆண்டுக்கு ஒரு முறை இரண்டு நாள் பயிற்சி கொடுக்கும் ஏற்பாட்டில், செவிலியரின் அக்கறையில் குறை ஒன்றும் இல்லாவிட்டாலும் திறமை தேயத்தான் செய்யும்.

இனி என் அனுபவம். சில ஆண்டுகளுக்கு முன்பு நான் வேலை பார்த்த ஒரு மருத்துவமனையில் இதே பயிற்சியை நடத்திவிட்டு, நல்ல மார்க்கோடு அறிக்கையும் கொடுத்தேன். மூன்று மாதம் கழித்து ஒரு நைட் டியூட்டியில் லேபர் வார்டுக்குப் போய் சும்மா உட்கார்ந்திருந்தேன். இரண்டு மணிக்கு ஒரு குழந்தை அழாமல் பிறந்தது. என்னிடம் 20-க்கு 19 வாங்கிய பெண்தான் டியூட்டியில். துடைத்தாள், தேய்த்தாள், திரும்பி அம்பு பேக்கைத் தேடினாள். அது கண்ணாடி அலமாரியில் இருந்தது. தொலைந்துபோனால் யார் பதில் சொல்வது என்று பூட்டி வைத்திருந்தார்கள். சாவி பகல் இன்சார்ஜின் டிராயரில். சாவியை எடுத்து வந்து திறந்தால், பச்சைக் குழந்தைக்கான சின்ன மாஸ்க் அதில் இல்லை. அதற்குள் குழந்தை தானாக அழுதுவிட்டது. கடவுள் புண்ணியம். அந்தப் பெண் அன்று முழுக்கப் பேசவே இல்லை.

அவளுக்கு இன்னொரு முறை வகுப்பு எடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? ஒன்றும் ஆகியிருக்காது. அவளுக்கு எல்லாம் தெரியும். அன்றிலிருந்து நான் பயிற்சியை மதிப்பிடப் போனால் முதலில் அலமாரியைப் பார்க்கிறேன், அப்புறம்தான் ஆளைப் பார்க்கிறேன்.

சாவி போல இன்னொன்றும் இருக்கிறது. பயிற்சிக்கு வந்தவர் செவிலியர் மட்டும்தானா, டியூட்டி டாக்டரும் வந்தாரா? இருபது வருஷ அனுபவமுள்ள சீனியர் சிஸ்டர் வந்தாரா? குழந்தை நன்றாக அழுகிறது என்றால், பனிக்குட நீரில் மலம் கலந்திருந்தாலும் வாயிலும் மூக்கிலும் குழாய் விட்டு உறிஞ்சும் சக்‌ஷன் போட வேண்டியதில்லை என்று புதுப் பெண் படித்துவிட்டு வருகிறாள். பக்கத்தில் நிற்பவர் "முதல்ல சக்‌ஷன் போடும்மா" என்கிறார். குழந்தையைத் தலைகீழாகப் பிடித்து முதுகில் தட்டுவதையே பார்த்துப் பழகியவர்கள் சுற்றி நிற்கும் அறையில், இரண்டு நாள் பயிற்சியை நம்பி மறுத்துச் சொல்லும் தைரியம் அவளுக்கு எங்கிருந்து வரும்? பயிற்சி வேலைக்குப் போய்ச் சேராததற்குப் பாதிக் காரணம் இப்படிப்பட்ட இடங்களில்தான் இருக்கிறது. ஒன்றாக வேலை செய்கிறவர்களை ஒன்றாக உட்கார வைக்காத பயிற்சியை நான் இப்போதெல்லாம் ஒப்புக்கொள்வதில்லை.

சரி, எதை அளப்பது? பயிற்சி சரியாக வேலை செய்தால் வார்டில் எது வேறு மாதிரி தெரிய வேண்டும் என்று முதலில் இரண்டு மூன்று விஷயங்களைத் தீர்மானித்துக்கொள்ளுங்கள். உங்கள் விஷயத்தில் நான் எடுத்துக்கொள்வது இவை: ஒவ்வொரு பிரசவத்துக்கும் முன்பு அம்பு பேக்கும் சரியான அளவு மாஸ்க்கும் கைக்கெட்டும் இடத்தில், சோதித்துப் பார்த்து வைக்கப்பட்டிருக்கிறதா, அழாத குழந்தைக்கு முதல் ஒரு நிமிடத்துக்குள் அம்பு பேக் மூச்சு தொடங்கியதா, மூச்சுக் கொடுக்கும்போது மார்பு ஏறி இறங்கியதா. முதலாவதை வாரத்தில் எந்த நாளும், எந்த நேரமும் போய்ப் பார்க்கலாம். இரவு, ஞாயிறு, பண்டிகை நாள் எல்லாவற்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பகல் பத்து மணிக்கு மட்டும் பார்த்தால் எல்லா வார்டும் நன்றாகத்தான் இருக்கும். இரண்டாவதற்குச் சுவரில் நொடிமுள் தெரியும் கடிகாரமும், கேஸ் ஷீட்டில் நேரம் எழுத ஒரு கட்டமும் வேண்டும். மூன்றாவதற்கு, சொல்லாமல் கொள்ளாமல் பொம்மையை மேசையில் வைத்து "குழந்தை அழவில்லை, ஆரம்பியுங்கள்" என்று சொல்லிப் பார்ப்பதுதான் நடைமுறையில் முடிகிற காரியம்.

நேரில் நின்று பார்ப்பதில் ஒரு சிக்கல் உண்டு. நாம் நிற்கிறோம் என்பதாலேயே எல்லோரும் சரியாகச் செய்வார்கள். கனடாவில் கை கழுவுவதைப் பற்றி 2014-இல் வெளியான ஓர் ஆய்வில், சோப்புப் புட்டிகளிலேயே மின்னணுக் கருவி பொருத்தி எண்ணினார்கள். சோதிப்பவர் கண்ணில் படும் இடத்தில் கை கழுவியது, படாத இடத்தைவிடச் சுமார் மூன்று மடங்கு. அதனால் நேரில் பார்த்த எண்ணை மட்டும் நம்பாமல் வேறொன்றையும் பக்கத்தில் வையுங்கள். கை கழுவும் பயிற்சி என்றால் வார்டு மாதம் எத்தனை லிட்டர் ஹேண்ட் ரப் (கையில் தேய்க்கும் கிருமிநாசினி) செலவழிக்கிறது என்பது ஸ்டோர் ரெஜிஸ்டரிலேயே இருக்கும்.

குழந்தை இறப்பு எண்ணிக்கையை வைத்து நிர்வாகத்துக்குக் காட்டலாமே என்று தோன்றும். உங்கள் அளவில் அது வேண்டாம். ஆண்டுக்கு 1,800 பிரசவங்களில் முதல் நாள் இறப்பு ஆறு என்று வைத்துக்கொள்வோம். எந்தப் பயிற்சியும் இல்லாமலே அது ஒரு வருடம் மூன்றாகவும் ஒரு வருடம் ஒன்பதாகவும் இருக்கலாம். நான்கானால் பயிற்சியின் பெருமை, எட்டானால் பயிற்சியின் தோல்வி என்று எழுதுவது இரண்டும் தவறு. ஒவ்வொரு இறப்பையும் தனித்தனியாக உட்கார்ந்து ஆராயுங்கள், அது கட்டாயம். சதவீதம் மட்டும் போடாதீர்கள்.

அடுத்தது, எனக்கே புரிய வெகு நாள் ஆன ஒரு விஷயம். உங்கள் பயிற்சி எப்போது நடந்தது, ஏன் அப்போது நடந்தது? பெரும்பாலும் ஒரு மோசமான மாதத்துக்குப் பிறகுதான் பயிற்சிக்கு உத்தரவு வரும். மோசமான மாதத்துக்கு அடுத்த மாதம், ஒன்றும் செய்யாவிட்டாலும், வழக்கமான நிலைக்குத் திரும்பவே வாய்ப்பு அதிகம். முன்னால் ஒரு மாதம், பின்னால் ஒரு மாதம் என்று எடுத்தால் எல்லாப் பயிற்சியும் வெற்றியாகத் தெரியும். குறைந்தது ஆறு மாதம் முன்னாலும் ஆறு மாதம் பின்னாலும், மாதத்துக்கு ஒரு புள்ளியாகக் கோட்டுத்தாளில் வையுங்கள். கண்ணாலேயே தெரிந்துவிடும்.

ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு வார்டோ கிளையோ இருந்தால் இன்னும் நல்லது. அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் 103 தீவிர சிகிச்சைப் பிரிவுகள் சேர்ந்து, ரத்தக்குழாயில் போடும் சென்ட்ரல் லைன் வழியாக வரும் தொற்றைக் குறைத்த கதையைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். பீட்டர் ப்ரோனோவோஸ்ட் என்ற அமெரிக்க மருத்துவரின் குழு அதை 2006-இல் வெளியிட்டது. அதன் வெற்றியைப் பார்த்து இங்கிலாந்தும் அதே திட்டத்தைப் படிப்படியாகத் தொடங்கியது. அங்கேயும் தொற்று நன்றாகக் குறைந்தது. ஆனால் திட்டத்தில் இன்னும் சேராமல் காத்திருந்த பிரிவுகளிலும் குறைந்துகொண்டிருந்தது. ஒப்பிட அந்தப் பிரிவுகள் இல்லாதிருந்தால் முழுப் பலனையும் திட்டத்தின் கணக்கிலேயே எழுதியிருப்பார்கள்.

மிச்சிகனில் பாடம் மட்டும் நடத்தவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். தேவையான பொருள் எல்லாம் ஒரே வண்டியில் வைக்கப்பட்டது. டாக்டர் ஒரு படியைத் தவறவிட்டால் நிறுத்தச் சொல்லும் அதிகாரம் செவிலியருக்குக் கொடுக்கப்பட்டது. என் அலமாரிச் சாவியும் சீனியர் சிஸ்டரும் இங்கே வந்துவிட்டார்கள் பாருங்கள்.

ஒரு எச்சரிக்கை. பயிற்சிக்குப் பிறகு சில எண்கள் மோசமாகத் தெரியும், பயப்படாதீர்கள். ஊசி குத்தியது, மருந்து மாறியது, படுக்கைப் புண் போன்றவற்றை எழுதி அறிவிக்கச் சொல்லிக்கொடுத்தால் அடுத்த இரண்டு மாதம் அந்த ரெஜிஸ்டர் நிரம்பும். முன்பு மறைந்திருந்தது வெளியே வருகிறது. "பயிற்சிக்கு அப்புறம் தவறு கூடிவிட்டது" என்று அந்த நேரத்தில் யாரையாவது திட்டினால், மூன்றாம் மாதம் ரெஜிஸ்டர் காலியாகிவிடும். எண் ஏறும் என்று நிர்வாகத்திடம் முன்கூட்டியே எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

உங்களுக்கு ஏமாற்றம் தரக்கூடிய ஓர் ஆய்வையும் நான் மறைக்க விரும்பவில்லை. உத்தரப் பிரதேசத்தில் 24 மாவட்டங்களில் 120 அரசு மையங்கள், ஒன்றரை லட்சத்துக்கும் மேல் பிரசவங்கள். 'பெட்டர் பர்த்' என்று பெயர், 2017-இல் முடிவு வந்தது. உலக சுகாதார நிறுவனத்தின் பிரசவச் சோதனைப் பட்டியலை வைத்து, பாதி மையங்களில் எட்டு மாதம், பயிற்சியாளர் நேரில் போய்ப் பக்கத்தில் நின்று சொல்லிக்கொடுத்தார்கள். வகுப்பறைப் பயிற்சியைவிட எவ்வளவோ மேலான முறை. இரண்டு மாதத்தில், செய்ய வேண்டிய 18 செயல்களில் 72.8 சதவீதம் செய்யப்பட்டன. மற்ற மையங்களில் 41.7. பயிற்சியாளர் வருவதைக் குறைத்து, நிறுத்தி நான்கு மாதம் ஆனபோது, அதாவது தொடங்கிய பன்னிரண்டாம் மாதத்தில், அது 61.7 ஆக இறங்கியது, மற்றவற்றில் 43.9. தாய் சேய் இறப்பையும் தாய்க்கு வரும் கடுமையான சிக்கல்களையும் சேர்த்துப் பார்த்தபோது சொல்லிக்கொடுத்த மையங்களில் 15.1 சதவீதம், மற்றவற்றில் 15.3. வித்தியாசம் இல்லை.

இதைப் படித்துவிட்டுப் பயிற்சியே வேண்டாம் என்று சிலர் சொல்வார்கள். நான் அப்படிப் படிக்கவில்லை. பக்கத்தில் நின்றால் செய்கிறார்கள், விலகினால் குறைகிறது, செய்தாலும்கூட ஆபத்தில் இருக்கும் தாயை அடுத்த மருத்துவமனைக்கு அனுப்பும் வழியும் ஆளும் சரியாக இல்லாவிட்டால் உயிர் மிஞ்சுவதில்லை என்று மூன்று தனித்தனி விஷயங்களை அதில் பார்க்கிறேன். மூன்றாம் படியையும் நான்காம் படியையும் தனித்தனியாக அளந்ததால்தான் எங்கே அறுந்தது என்று யோசிக்கவாவது முடிகிறது. இறப்பை மட்டும் எண்ணியிருந்தால் செவிலியர் ஒன்றும் கற்கவில்லை என்று பழி போட்டிருப்பார்கள். அது பெரிய அநியாயமாக இருந்திருக்கும்.

நிர்வாகத்துக்கு என்ன எழுதுவது என்று கேட்டிருக்கிறீர்கள். நானாக இருந்தால் இப்படி எழுதுவேன்: பயிற்சி முடிந்த அன்று செவிலியர் விஷயத்தைத் தெரிந்துகொண்டார்கள், அதற்கு 11-லிருந்து 18 ஆன மார்க் சாட்சி. வார்டில் அது நடக்கிறதா என்பதை அளக்க இன்னும் தொடங்கவில்லை, இந்த மாதம் தொடங்குகிறோம். பயிற்சிக்கு முந்தைய ஆறு மாதத்தின் கேஸ் ஷீட்களை எடுத்து, அம்பு பேக் போட்ட குழந்தைகளுக்கு நேரம் எழுதப்பட்டிருக்கிறதா என்று பார்க்கிறோம். எழுதப்படவில்லை என்றால் அதுவே நம் முதல் கண்டுபிடிப்பு. ஆறு மாதம் கழித்து மூன்று எண்களோடு வருகிறோம்.

அடுத்த ஆண்டுச் செலவில் இரண்டு நாளை ஒரு நாளாக்கிவிட்டு, மிச்சப் பணத்தில் ஒரு பொம்மை வாங்கி லேபர் வார்டிலேயே வையுங்கள். வாரம் ஒரு நாள், ஷிஃப்ட் மாறும்போது பொறுப்பை ஒப்படைக்கும் ஹேண்டிங் ஓவர் முடிந்ததும் ஐந்து நிமிடம், வருகிறவர், போகிறவர், டியூட்டி டாக்டர் எல்லோரும் சேர்ந்து செய்யட்டும். எந்த நாள், எந்த ஷிஃப்ட் என்பது வாரா வாரம் மாறட்டும், இல்லாவிட்டால் நைட் டியூட்டிக்காரர்கள் விட்டுப்போவார்கள். யார் செய்தார், மார்பு ஏறியதா, எத்தனை நொடி என்று சுவரில் ஒரு தாள். பெயருக்கு எதிரே மார்க் போட வேண்டாம்.

அப்புறம், அலமாரிச் சாவி யாரிடம் இருக்கிறது என்று இன்றைக்கே போய்ப் பார்த்துவிடுங்கள்.